ஐம்பது பவுன் செருப்பு

வா தாயி, இப்படி உக்காரு. காலை எம்பக்கம் நீட்டு. என்னத்துக்கு வெக்கம்? நாப்பது வருசம் மாட்டுக் காலைப் பிடிச்சு லாடம் அடிச்சே பொழச்சவன் நான். உங்காலு அதைவிட நாறவா போகுது? ...சரி, நாறத்தான் செய்யுது. நீ நீட்டு.

நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு அடுப்படியில டொக்கு டொக்குன்னு சத்தம். லண்டன்ல எலிகூட பூட்ஸ் போட்டுத்தான் நடக்கும் போலன்னு நெனச்சுக்கிட்டேன். எந்திரிச்சு வந்து பாத்தா, பாத்திரம் கழுவுற தொட்டியைப் பிடிச்சுக்கிட்டு எம்பேத்தி விரல் நுனியில நிக்கா. உடம்பு என்னமோ அன்னப்பறவை கணக்காத்தான் இருந்துச்சு. மூஞ்சிதான் வேப்பங்கொட்டையைக் கடிச்ச மாதிரி. உங்க பாலே டீச்சரம்மா என்ன சொன்னாக? வகுப்பு முடியப்போற நேரத்துல பத்துப் பதினஞ்சு நிமிசம், கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, அம்புட்டுத்தான். வீட்டுல வெச்சு இந்த நுனிவிரல் செருப்பைக் காலுல மாட்டப்படாதுன்னு சொன்னாகளா இல்லையா? சொன்னாக. ஆனா 1895-லயே ஒத்தக்காலுல நின்னு 32 சுத்து சுத்துன இத்தாலிக்காரி, பேரென்ன, லென்யானி, அவளை நீ இந்த வருசமே முந்தியாகணுமே! அவ செத்து எம்புட்டோ நாளாச்சு தாயி. மெதுவாப் போனாலும் முந்திரலாம்.

இந்தச் செருப்பு வாங்குன கதையே எனக்கு இன்னும் செமிக்கல. "அய்யா, ஜோடி ஐம்பது பவுன்"னு உங்கப்பன் சொன்னதும் நெஞ்சு அடைச்சுப்போச்சு. உங்க அத்தைக்கே பதினோரு பவுன்தான் போட்டேன். அதுக்கே ரெண்டு காளையும் ஒரு குறுக்கம் கரிசக்காடும் போச்சு. பொறவுதான் தெரிஞ்சது, இந்த ஊரு காசுக்கே பேரு பவுனுன்னு.

அப்படி உள்ள என்னதான் இருக்குன்னு, டீச்சரம்மா தூரப்போட்ட பழசை நீ கொண்டாந்தேல்லா, அதை அறுத்துப் பாத்துட்டேன். இரும்பு இருக்கும், மரம் இருக்கும்னு நெனச்சா ஒரு எழவும் இல்ல. சாக்குத் துணி, காகிதம், பசை! அடுக்கடுக்கா ஒட்டி, சூட்டுல காயவெச்சு, விரலுக்கு ஒரு பெட்டி. அடியில தோலும் அட்டையுமா ஒரு தண்டு. மேல பளபளன்னு சாட்டின். கல்யாணப் பந்தல் தூணு மாதிரி, வெளிய ஜரிகை, உள்ள சவுக்குக் கம்பு. அடிப்பக்கம் மீன் முத்திரை ஒண்ணு இருந்துச்சு. 1929-ல ஃப்ரீட்டுன்னு ஒருத்தரும் அவர் வீட்டுக்காரியும் இதே லண்டன்ல ஆரம்பிச்ச கடையாம். கையால செய்யுற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு அடையாளமாம், மீனு, மணி, நங்கூரம்னு. பெரிய ஆட்டக்காரிக "எனக்கு மணிக்காரர் செஞ்சதுதான் வேணும்"னு கேட்டு வாங்குவாகளாம். எனக்கு அதுதான் பிடிச்சது. கோவில்பட்டிப் பக்கம் "லாடம் அந்தக் கிழவன் அடிச்சாத்தான்"னு நம்மளையும் நாலு பேரு தேடி வந்திருக்காகல்லா.

சரி, விசயத்துக்கு வாரேன். உங்கப்பன் என்ன பண்ணியிருக்கான்? வளர்ற புள்ளன்னு அரை சைஸ் பெருசா, கம்ப்யூட்டர்லயே பாத்து வாங்கிட்டான். நம்ம ஆளுக வாங்குற சட்டை, அது கிழியுற வருசந்தான் புள்ளைக்குச் சரியா இருக்கும். இதுல அந்தச் சோலி ஆகாது. பெட்டி தளந்தா பாதம் உள்ள சறுக்கி இறங்கிரும், மொத்தப் பாரமும் பெருவிரல் தலையில உக்காந்துக்கிடும். உன் நகம் கத்திரிக்காய் நெறத்துல இருக்கே, அது அந்த அரை சைஸ் செஞ்ச வேலை. ரொம்ப இறுக்குனாலும் விரல் மடங்கிப்போகும். தரையில நிக்குறப்ப விரல் நீட்டமாத் தட்டையா இருந்து, நுனி தொட்டும் தொடாமலும் இருக்கணும். கடையில நிக்கவெச்சு, மண்டியை மடக்கவெச்சு, நுனியில ஏத்தி, குதிகால் துணியைக் கிள்ளிப் பாத்துத்தான் குடுப்பாகளாம். நாளைக்கே அவனை இழுத்துக்கிட்டுப் போ. இன்னொரு ஐம்பதான்னு கத்துவான். அவன் கல்யாணத்துக்கு வாங்குன பவுன் எத்தனைன்னு நான் ஞாபகப்படுத்துதேன். உங்கம்மா காதுல விழாம.

புதுச் செருப்பு கடிக்குமுன்ன நாம அதைக் கடிச்சுப்புடணும்னு நம்மூர்ல ஒரு வைத்தியம் உண்டு. எங்கல்யாணச் செருப்பை நான் கடிச்சேன். ருசி சொல்லிக்கிடும்படி இல்ல. ருசியாவுல நம்மளை மிஞ்சுன ஆளுக இருந்திருக்காக. 1832-ல பாரீசுல 'லா சில்ஃபீட்' ஆடி இந்த நுனிவிரல் ஆட்டத்துக்கே பேரு வாங்கிக் குடுத்தாளே மரீ தாலியோனி, அவ செருப்பைச் சமைச்சுக் குழம்பு ஊத்தித் தின்னாக ரசிகர்மாருன்னு ஒரு கதை. கதையோ நெசமோ, தின்ன முடிஞ்சிருக்கும். ஏன்னா அவ செருப்புல பெட்டியும் கெடையாது, தண்டும் கெடையாது. மெல்லுசு சாட்டின், நுனியில நூலோட்டம், அம்புட்டுத்தான். அவளைத் தூக்கி நிறுத்துனது காலு. நீயோ நாலு கொப்புளத்துக்குச் செருப்பைத் திட்டுத.

உங்க ஆச்சி போன்ல செருப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லுவா, காலை வெந்நீர்ல ஊறவைக்கச் சொல்லுவா. சரி ஆச்சின்னு சொல்லிட்டு ரெண்டையும் செய்யாத. வேர்வைக்கே நெகிழ்ந்துபோற பண்டத்துல எண்ணெய் தடவுனா சாட்டினும் போச்சு, பவுனும் போச்சு. ஆட்டத்துக்கு முன்ன ஊறப்போட்ட தோலு, உரிக்குறதுக்குத் தோதா இருக்கும்.

இப்ப நான் சொல்லுறதைக் காது குடுத்துக் கேளு. லாடம் அடிக்குறப்ப ஆணி குளம்பு ஓட்டுக்குள்ளயே சாஞ்சு போயி வெளிய வந்துரணும். ஒரு நூல் உள்ள தள்ளிருச்சுன்னா உயிர்ச்சதையில இறங்கிரும். அன்னைக்கு மாடு ஒண்ணும் சொல்லாது, வண்டி இழுக்கும். மூணாம் நாளு நொண்டும், குளம்பு கொதிக்கும். எங்கையே ஒருக்கப் பெசகியிருக்கு. செவலைக் காளை, பதினெட்டு நாளு தொழுவத்துல கெடந்துச்சு. காளைக்காரரு என்னை ஒரு வார்த்தை திட்டல. "வாயிருந்தா அன்னைக்கே சொல்லியிருக்கும்"னாரு. திட்டியிருந்தா மறந்திருப்பேன்.

உனக்குத்தான் வாய் இருக்கே! சட்னியில ஒரு மொளகா கூடிப்போச்சுன்னா வீட்டைத் தலைகீழா நிறுத்துற வாயி, டீச்சரம்மா கேட்டா மட்டும் "ஐயாம் ஃபைன்"ங்குது. விரலு எரியுதா, தோலு உரசுதா, கெண்டை கனக்குதா, செருப்பைக் கழத்துன கொஞ்ச நேரத்துல அடங்கிருதா? அது புது வேலைக்காரன் முனகல். முனகட்டும். ஒரே எடத்துல ஊசி கணக்காக் குத்துனா, எலும்பைத் தொட்டதும் துள்ளுனா, வீங்குனா, மரத்துப்போனா, நுனியில ஏறுறப்ப குதிகாலுக்குப் பின்னால நறுக்குன்னா, படுத்த பொறவும் வலிச்சா, அன்னைக்கு ஆட்டத்தை மூட்டை கட்டிட்டு அம்மாட்ட சொல்லு, வைத்தியரைப் பாரு. பாதத்துல 26 எலும்பாம், உங்கம்மா நர்சுல்லா, எண்ணிச் சொல்லுதா. பன்னெண்டு வயசுல அதுல பலது இன்னும் நுங்குப் பருவம். ரெண்டாவது விரலுக்கு நேரா மேல போற எலும்புல ஆட்டக்காரிகளுக்கு மயிரிழை முறிவு வருமாம். மயிரிழைதானேன்னு நெனச்சா மாசக்கணக்குல உக்கார வெச்சிரும். உஞ்சிநேகிதி ரத்தம் ஊறுன காலைப் படம் பிடிச்சு அனுப்பியிருந்தாளே, அது வீரம் இல்ல, சைஸ் சரியில்ல.

நகத்தை நேரா வெட்டு, ஒட்ட வெட்டாத. உரசுற எடத்துக்குச் சுருக்கமில்லாம முன்னாடியே டேப்பு. கொப்புளத்தைக் குத்தாத. செம்மறி ரோமம் கொஞ்சம் வெச்சுக்கோ. கொஞ்சம்னா கொஞ்சம்; நேத்து நீ தலகாணியையே உள்ள திணிச்சிருந்த. பஞ்சு கூடுனா பெட்டி இறுகும், தரையும் தட்டுப்படாது. முந்திக் காலத்துல சில ஆட்டக்காரிக செருப்புக்குள்ள பச்சைக் கறி வெச்சிருக்காகளாம். நம்ம பக்கத்து வீட்டுப் பூனை இருக்கவரைக்கும் அந்த யோசனை வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் பையிலயே போட்டு அவிக்காம, செருப்பைக் காத்தாட வையி. டிவி பாக்குறப்ப துண்டைத் தரையில விரிச்சு விரலாலயே சுருட்டி இழு. ஒத்தக்காலுல நின்னு குதிகாலை இருபது தடவை ஏத்தி இறக்கு. நானும் கூடச் செய்யுதேன். மூணுக்கே எனக்கு மூச்சு வாங்கும், நீ சிரிக்கலாம்.

புதுசு வந்ததும் நாடாவை நானே தச்சுத்தாரேன். முடிச்சு குதிகால் நரம்பு மேல ஏறப்படாது, கணுக்காலுக்கு உள்பக்கம் பள்ளத்துல பதுங்கணும். அந்தப் பழசுல தச்சுப் பழகிட்டேன், பாரு. சாதா நூலு நிக்காது, பல்லு இடுக்குல விட்டு எடுக்குற அந்த வெள்ளை நூலுதான் சரின்னு நீதான சொன்ன? உங்கப்பன் டப்பாவுல இருந்ததை முழுசா உருவிட்டேன். காலையில தேடுவான். தாத்தா பல்லு விளக்குனாருன்னு சொல்லு. எனக்கு இருக்கது மூணு பல்லுதான்னு அவனுக்கு ஞாபகம் வர்றதுக்குள்ள நாம கடைக்குக் கெளம்பிருவோம்.