மூணு பின் சொந்தம்

நான் 31 வருஷம் வங்கியில் குப்பை கொட்டியவன். அதில் பாதிக் காலம் விவசாயக் கடன் மேஜை. டிராக்டர் கடன் கேட்டு வருகிறவரை எதிரே உட்காரவைத்து, “எத்தனை ஏக்கர்? தண்ணி வசதி எப்படி? வருஷத்துக்கு 1000 மணி நேரம் வண்டி ஓடினாத்தான் கட்டுபடியாகும், ஓட்டுவீங்களா?” என்று மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்பேன். “ஓட்டீரலாமுங்க சார்” என்பார்கள். நம்பாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுவேன். ஓய்வுபெற்று, கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் அப்பா விட்டுப்போன நாலரை ஏக்கருக்கு வந்து சேர்ந்த கொஞ்ச நாளில் நானே டிராக்டர் வாங்கக் கிளம்பினேன். அந்த 1000 மணி நேரக் கேள்வியை என்னிடம் கேட்க அதிகாரி யாரும் இல்லை. மனைவி கேட்டாள். “ஓட்டீரலாம்” என்றேன்.

எல்லாம் வாடகை டிராக்டர்க்காரத் தம்பி செய்த வேலை. மழை பெய்த இரண்டாம் நாள் மண் பதமாக இருக்கும். நாலைந்து நாள் போனால் கட்டி தட்டிவிடும். அந்த இடைவெளிக்குள் அவரைப் பிடிப்பது, வைகாசி முகூர்த்தத்தில் சமையல்காரரைப் பிடிப்பது மாதிரி. போன் போட்டால், “பக்கத்துக் காட்டுலதானுங்கண்ணா இருக்கேன், டீசல் ஊத்தீட்டு வந்தர்றேன்” என்பார். அந்தப் பக்கத்துக் காடு எந்த மாவட்டத்தில் இருக்கிறதென்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

ஷோரூமில் இருந்த தம்பிக்கு என் மகனைவிட வயது குறைவு. 45 எச்.பி. போதும் என்று முடிவானதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “சிங்கிள் கிளச்சா, டபுள் கிளச்சாங்க சார்?” விளக்கமும் அவரே சொன்னார். சிங்கிள் கிளச் வண்டியில் மிதித்தால் சக்கரமும் நிற்கும், பின்னால் கருவியைச் சுற்றுகிற பி.டி.ஓ. தண்டும் நிற்கும். டபுள் கிளச்சில் பாதி மிதித்தால் வண்டி மட்டும் நிற்கும், கருவி பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். முதலாவது எங்கள் பழைய கிளை. மேலாளர் லீவு போட்டால் மொத்தமும் நின்றுவிடும். இரண்டாவது எங்கள் வீடு. நான் நின்றாலும் அவள் சுற்றிக்கொண்டிருப்பாள். டபுள் கிளச் என்றேன்.

அடுத்தது டயர். “13.6 - 28 போட்டுக்கலாமா, 14.9 - 28 போட்டுக்கலாமாங்க?” முதல் எண் டயரின் அகலம், அடுத்தது ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலத்தில் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்கு அது சர்வே நம்பரும் உட்பிரிவும் மாதிரிக் கேட்டது. நான் வாயைத் திறப்பதற்குள், துணைக்கு வந்திருந்த என் பங்காளி, “13.6 போடுங்க தம்பி, நம்ம பக்கத்துக்கு அதுதான் செட்டாகும்” என்று முடித்துவிட்டான். அவனுடைய வண்டியிலும் அதே டயர்தான். நான் அதை ரத்தபாசம் என்று எடுத்துக்கொண்டேன்.

வண்டி இரண்டு டன் கனம் இருந்தாலும் சில வேலைகளில் பின்சக்கரம் வழுக்கும், அதனால் பின் டயருக்குள் முக்கால்வாசி தண்ணீர் நிரப்பிக்கொள்ளலாம் என்றும் அந்தத் தம்பி சொன்னார். கிணறு வற்றிய வருஷத்தில்கூட டயரில் தண்ணீர் இருக்கும் என்ற நினைப்பே ஆறுதலாக இருந்தது.

டாப் லிங்க், ஹூக், பம்பர், குடை எல்லாம் விலையோடு சேர்ந்ததா, தனியா என்று ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிய பிறகு கால்குலேட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். “ஏழரை லட்சம் வருதுங்க சார்.”

மனைவி என் முழங்கையைப் பிடித்தாள். “ஏழரையா? வாங்குற அன்னிக்கே ஏழரையைக் கூட்டிக்கிட்டுப் போறதுங்களா? வேண்டாந் தம்பி, ஏழே முக்கால்னு போட்டுக்குங்க.”

வாடிக்கையாளரே விலையை ஏற்றிக் கேட்டதை அந்தப் பையன் அன்றுதான் முதல்தடவையாகப் பார்த்திருப்பான். சட்டென்று பேனாவை எடுத்துவிட்டான். நான் குறுக்கே விழுந்து 7,49,000 என்று எழுதவைத்து, சனீஸ்வரனையும் சமாளித்தேன், சேமிப்பையும் காப்பாற்றினேன்.

வரி விஷயத்தில் நான் கெட்டிக்காரன் என்று எனக்கொரு நினைப்பு. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைகிறது என்று தெரிந்ததும் பில் போடுவதை அதுவரை தள்ளிவைத்தேன். கிட்டத்தட்ட அரை லட்சம் மிச்சம். அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். டீக்கடையில் நாலு பேரிடம் சொன்னேன். அந்த அரை லட்சத்தை எப்படிச் செலவழிப்பது என்று சொல்ல, மறுநாளிலிருந்து ஆட்கள் வீடு தேடி வர ஆரம்பித்தார்கள்.

பின்னால் ஒன்றும் மாட்டாத டிராக்டர், டீசல் குடிக்கிற நாற்காலிதான். அதற்கு என்ன மாட்டுவது என்பதில்தான் பண்ணையமே இருக்கிறது. முதலில் வந்தவன் பங்காளி. “அண்ணா, ரொட்டவேட்டர் இல்லாத வண்டி வண்டியே இல்லீங்ணா. ஆறடி வாங்குங்க, 42 பிளேடு. மண்ணு மாவாட்டம் ஆயிரும்.” சரி என்றேன். கலப்பைக்கும் கேஜ் வீலுக்கும் யாரும் சிபாரிசு செய்ய வேண்டியதில்லை. ஒன்பது கலப்பை இல்லாமல் காட்டை ஓட்ட முடியாது, கேஜ் வீல் மாட்டாமல் நெல் வயல் சேற்றில் இறங்கினால் வண்டியை இழுக்க இன்னொரு வண்டி வேண்டும். மஞ்சளுக்குப் பார் ஓட்டுகிற கலப்பையும் அப்படித்தான்.

சித்தப்பா வந்தார். வயது எழுபத்தெட்டு. அகல உழுவதைவிட ஆழ உழு என்று பழமொழியில் ஆரம்பித்து, சட்டிக் கலப்பையில் முடித்தார். அவருடைய கரட்டுக் காடு ஆறு வருஷமாகக் கரம்பாகக் கிடக்கிறது என்பது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் அவர் என் மண்ணின் ஆழத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறார் என்று நம்பினேன்.

பிறகு மச்சான், என் மனைவியின் அண்ணன். “மாப்பிள்ளை, குழி போடுற மிசினு ஒண்ணு வாங்கிப் போடுங்க. திருகாணியாட்டம் இறங்கும். ஆள் வெச்சுத் தோண்டுனா ஒரு குழிக்கு எத்தனை நேரம்? இது ரண்டே நிமிசம்.” என் நிலத்தில் இனிக் குழி தோண்ட இடமில்லையே என்றேன். “காலத்துக்கும் ஆகும் மாப்பிள்ளை” என்றார். அவர் புதிதாக மூன்று ஏக்கர் கிரயம் செய்திருந்தார், இன்னும் கம்பிவேலி போடவில்லை. பத்திரப் பதிவுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவனே நான்தான். இருந்தும் வேலிக்காலையும் குழி மிசினையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க என் மூளை மறுத்துவிட்டது.

கோயில் தர்மகர்த்தா டிரெய்லர் கேட்டார். கேட்டார் என்றால், வாங்கச் சொன்னார். எதற்கு என்று நான் கேட்குமுன் மாரியம்மன் ஊர்வலம் என்றார். கடன் மேஜையில் எத்தனையோ பேருக்கு இல்லை என்று சொன்ன வாய்தான், அம்மனுக்கு வரவில்லை.

அன்றிரவு மனைவி கணக்கு நோட்டை எடுத்துவந்தாள்.

“ஏனுங்க, நமக்கு நெல்லு ரண்டு ஏக்கர், மஞ்சள் ஒண்ணு, மிச்சம் தென்னை. குழி மிசினு யாருக்கு?”

“எங்கண்ணன் சொன்னதா, உங்கண்ணன் சொன்னது. பின்னாடி ஒரு காலத்துல வேணுமாம்.”

“பின்னாடி ஒரு காலத்துல நமக்கு ஆளுக்கொரு குழிதான் வேணும். அதை ஊர்க்காரங்களே வெட்டிக் குடுத்துருவாங்க.”

வாங்கினேன். சட்டிக் கலப்பையை மட்டும் விட்டேன். சித்தப்பா ஒரு மாதம் பேசவில்லை. மிச்சமான அரை லட்சத்தை நம்பி மூன்றரை லட்சம் கை மாறியது. கருவிகளுக்கு அரசு மானியம் உண்டு. சிட்டா, அடங்கல், சிறு விவசாயி சான்று என்று நான் அலைந்தது தனிக் கதை, இங்கே வேண்டாம்.

அக்டோபர் 1, ஆயுத பூஜை அன்று வண்டி வாசலுக்கு வந்தது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சை வைத்தோம். முன்சக்கரப் பழங்கள் நசுங்கின. பின்சக்கரப் பழங்களின் தோல்கூட அப்புறம் கிடைக்கவில்லை. பெயிண்டர் ஒருவரைக் கூப்பிட்டு ரொட்டவேட்டரின் பின்தகட்டில் ‘முருகன் துணை’ என்று மஞ்சளில் எழுதச் சொன்னோம். அவர் ‘முருகண் துணை’ என்று எழுதிவைத்தார். அழித்து எழுதலாம் என்றேன். சாமி எழுத்துப் பிழையெல்லாம் பார்க்காது, தகடுதான் அசிங்கமாகும் என்றாள் அவள்.

இந்த இடத்தில் ஹாரி ஃபெர்குசனைக் கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது. வடக்கு அயர்லாந்தில் விவசாயி வீட்டுப் பிள்ளை. அந்தக் காலத்து டிராக்டர்கள் கலப்பையை மாட்டுக்குப் பின்னால் கட்டுவதுபோலக் கட்டி இழுத்தன. கலப்பை ஏதாவது கல்லில் சிக்கினால் முன்பக்கம் தூக்கி, வண்டி பின்னுக்குக் கவிழ்ந்து ஓட்டுகிறவர் மேலேயே விழும். ஃபெர்குசன் கலப்பையை வண்டியோடு மூன்று இடங்களில் கோத்தார். கீழே இரண்டு கைகள், மேலே டாப் லிங்க். ஹைட்ராலிக்கால் தூக்கலாம், இறக்கலாம், கலப்பை வண்டியின் உறுப்பு மாதிரி ஆகிவிட்டது. 1926-ல் காப்புரிமை. 1938-ல் ஹென்றி ஃபோர்டிடம் ஓட்டிக் காட்ட, இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். அதுதான் ஒப்பந்தம். பத்திரம் கிடையாது, சாட்சிக் கையெழுத்து கிடையாது. பிற்பாடு ஃபோர்டின் பேரன் பொறுப்புக்கு வந்ததும் அது முறிந்து, கோர்ட்டுக்குப் போய், 1952-ல் 92.5 லட்சம் டாலர் கொடுத்து முடித்தார்கள். கடன் மேஜைக்காரனான எனக்கு இந்தக் கதை நன்றாகவே தெரியும். தெரிந்து என்ன பயன்? அவர் பெயரைத் தாங்கிய மாஸ்ஸி ஃபெர்குசன் வண்டிகள் 1960-களிலிருந்து சென்னையில் தயாராகி வந்தும் நாங்கள் ‘மாஸ்ஸி’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். பாதிப் பெயரை ஊர் இரவல் வாங்கித் தொலைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

என் கோபம் வேறு. அவருடைய மூன்று புள்ளிதான் இன்று எல்லாக் கம்பெனி வண்டியிலும். எங்கள் பக்கத்தில் ஓடுகிற வண்டிகளுக்கு அளவும் ஒன்றுதான். பழைய செல்போன் சார்ஜர் மாதிரி கம்பெனிக்கு ஒரு மாதிரி இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். மூன்று பின்னைக் கழற்றினால் என் ரொட்டவேட்டர் ஊரில் யார் வண்டிக்கும் சொந்தம்.

மூன்றாம் நாளே பங்காளி வந்தான். “ஒரு அரை நாளைக்குங்ணா.” அரை நாள் என்பது பகலில் பாதியா, மாதத்தில் பாதியா என்று நான் எழுதி வாங்கவில்லை. மச்சான் குழி மிசினை எடுத்துப்போய் வேலி முழுக்க முடித்த பிறகும் அது திரும்பவில்லை. அவர் காட்டு மூலையில், கடைசி வேலிக்காலுக்குப் பக்கத்தில், அதுவும் ஒரு வேலிக்கால் மாதிரி நிற்கிறது. டிரெய்லர் ஊர்வலம் முடிந்து தர்மகர்த்தாவின் செங்கல்லுக்குப் போனது. கேஜ் வீலைப் பங்காளி கேட்டபோதுதான் 13.6-ன் மகிமை விளங்கியது. வேறு டயர் வாங்கியிருந்தால் அவன் வண்டிக்குச் சேராது என்று அன்றைக்கே கணக்குப் போட்டிருக்கிறான். கருவி திரும்பிவரும்போதும் முழுதாக வருவதில்லை. மூன்று பின்னோடு போனது இரண்டோடு வரும். மூன்றாவதைக் கேட்டால், “அதுக்குப் பதிலா ஒரு போல்ட் போட்டிருக்கேன், பாருங்க” என்பார்கள், ஏதோ எனக்கு உபகாரம் செய்த மாதிரி.

அப்புறம் ஒருநாள் கொடிவேரியிலிருந்து தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் விட்டார்கள். தண்ணீர் எல்லா வயலுக்கும் ஒரே வாரத்தில் வரும், சேற்றுழவும் எல்லாருக்கும் ஒரே வாரத்தில்தான். பங்காளிக்குப் போன் போட்டேன். கேஜ் வீல் அவன் வண்டியிலேயே மாட்டியிருக்கிறதாம், கழற்றினால் அவன் உழவு பாதியில் நிற்குமாம். சரி, ரொட்டவேட்டர்? அவன் சம்பந்திக்குக் கொடுத்தானாம். சம்பந்திக்குப் போன் போட்டேன். “அத்தாணிக்குப் போயிருக்குதுங்க” என்றார், பிள்ளை காலேஜுக்குப் போயிருக்கிறது என்கிற தொனியில். அத்தாணிக்காரர் போனை எடுக்கவில்லை. என் வண்டி கழுவித் துடைத்துக் கொட்டகையில் நின்றது. மணி மீட்டரைப் பார்த்தேன். 19 மணி நேரம். 1000-க்கு இன்னும் 981 பாக்கி.

வேறு வழியில்லாமல் பழைய வாடகைத் தம்பியைக் கூப்பிட்டேன். வழக்கம்போல, “பக்கத்துக் காட்டுலதானுங்கண்ணா” என்றார். ஆனால் அதிசயமாக மறுநாள் விடியற்காலையிலேயே வந்துவிட்டார். வரப்போரம் வண்டியை நிறுத்தி, கேஜ் வீல் மாட்டி, வயலில் இறங்கினார். நாற்பத்தைந்து நிமிஷத்தில் ஒரு மடை வெண்ணெயாகிவிட்டது. வேலை சுத்தம். அவர் வண்டியைத் திருப்பி ரொட்டவேட்டரைத் தூக்கியபோது பின்தகட்டில் சேறு வழிந்து மஞ்சள் எழுத்துத் தெரிந்தது.

முருகண் துணை.

மனைவியைப் பார்த்தேன். அவள் டீ கொடுக்க வந்தவள், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வாய்க்காலைப் பார்த்து நின்றாள். தோள் மட்டும் குலுங்கியது.

“தம்பி, இந்த ரொட்டவேட்டர் யாருது?”

“அத்தாணியில ஒருத்தருதுங்கண்ணா. நம்முளுது கியர் பாக்ஸ் போயிருச்சு. கேட்டேன், குடுத்தாப்ல.” டீயை வாங்கிக்கொண்டார். “மணிக்கு ஆயிரத்து முந்நூறுங்க, மத்தவங்களுக்கு ஆயிரத்தி நானூறு.” ஒரு வாய் குடித்துவிட்டு, கொட்டகையில் நின்ற என் வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

“ஏனுங்கண்ணா, புது வண்டி சும்மாதான நிக்குது? இந்தாட்டம் ஒரு ரொட்டவேட்டர் வாங்கிப் போட்டுருங்க. அருமையான ஜாமானுங்க.”