சுருள்வயர்ச் சூட்டியல்: பலெர்மோ நகரை முன்வைத்து ஒரு பாயிரம்

எக்ஸ்டென்ஷன் வயர் மூவகைப்படும்: விரித்தது, சுருட்டியது, பக்கத்து வீட்டார் இரவல் வாங்கியது. விரித்ததில் சூடு தங்காது. இரவல் போனது திரும்பாததால் ஆய்வுக்குக் கிட்டவில்லை. எஞ்சுவது சுருட்டியதே.

பலெர்மோவில் பல்லாரோச் சந்தைப் பக்கம் குடியிருக்கும் ஈழத்தமிழர் இதைக் கடையில் 'ப்ரோலுங்கா' என்று கேட்க வேண்டும். இத்தாலியச் சொல்போலத் தோன்றினும், இது 'புறநீளுங்கால்' என்பதன் மரூஉ. 'நீ' கடலில் விழுந்தது. லகர ளகர மயக்கம் தமிழருக்குப் புதிதன்று. ஈற்று லகரம் சுங்கச் சாவடியில் தங்கிவிட்டது. மேலும், 'கால்' என்றால் காற்று. காற்றோட்டமாக நீட்டி வைக்க வேண்டியது என்று முன்னோர் பெயரிலேயே எச்சரித்தனர். சான்று கேட்போர்க்கு, அது கடல்கொண்ட சுவடிகளில் உள்ளது. இதைவிடக் குறைந்த சான்றுக்கும் முனைவர் பட்டம் தரப்பட்டதுண்டு.

சூட்டுக்குக் காரணம் கூறுவோருள் காந்தக் கட்சியார் முதல்வர். சுருள் காந்தமாகிச் சுடுகிறது என்பர். ஒரே வயருக்குள் போகும் கறண்டும் திரும்பும் கறண்டும் எதிரெதிரே ஓடுவதால் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழிக்கும். கட்சி அத்துடன் கலைந்தது.

உண்மைக் காரணம் 1841இல் ஜூல் கண்ட விதி: மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்மடங்கு. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியுள்ள 25 மீட்டர் வயரில், 230 வோல்ட்டில், 2,000 வாட் ஹீட்டரை மாட்டினால் வயருக்குள் ஏறத்தாழ 45 வாட் வெப்பம் பிறக்கும். தரையில் விரித்தால் மீட்டருக்கு 2 வாட்கூட இல்லை. உருளையில் சுற்றியிருந்தாலோ, எரியும் குண்டு பல்பைப் போர்வைக்குள் பொதிந்த கதை. சாதாரண பிவிசி உறை 70 டிகிரிக்கு மேல் தாங்காது. ஆகவேதான் உருளைமேல் இரண்டு அளவுகள் அச்சிடப்படுகின்றன: சுற்றியிருந்தால் 1,000 வாட் அளவில், முழுக்க விரித்தால் 3,000 வாட் அளவில். எழுத்து மிகச் சிறிது. உரையாசிரியர் எவரும் இதற்கு உரை கண்டிலர்.

மீட்டர் காக்கும் என்பது மீட்டர்வாதம். இத்தாலிய வீடுகளின் வழக்கமான இணைப்பு 3 கிலோவாட். ஹீட்டரோடு மின்னடுப்பும் சேர்ந்தால் ட்ரிப் ஆகும். ஹீட்டர் மட்டும் ஓடினால் மீட்டர் மௌனம் காக்கும், சுருள் வேகும்.

1937இல் டெக்னீசியம் என்ற தனிமத்தையே கண்டறிந்த பலெர்மோப் பல்கலைக்கழகத்தில் ப்ரோலுங்காவுக்கு ஓர் இருக்கை இல்லாதது வியப்பே.

சில உருளைகளில் சூடேறினால் தானே துண்டிக்கும் பொத்தான் உண்டு. துண்டித்ததும் வயரை விரிப்போர் ஒரு சாரார். ஆறவிட்டு, சுருளைத் தொடாமலே பொத்தானை மறுபடி அழுத்துவோர் மறுசாரார். பொத்தானில்லா உருளை வைத்திருப்போரின் வயர் நான்காம் வகை. அது சுவரோடு ஒட்டிப்போனதால் நீளம் அளக்க இயலவில்லை.