கை நிறைய நேரம்

எண்பதுகளில் எங்கள் ஊரில் வாட்ச் கட்டியவர்கள் இரண்டு ரகம். மணி பார்க்கக் கட்டியவர்கள் ஒரு ரகம். யாராவது வந்து மணி கேட்க மாட்டார்களா என்று கட்டியவர்கள் இன்னொரு ரகம். அப்பா முதலாவது, சித்தப்பா இரண்டாவது. இருவருக்குமே குறித்த நேரத்தில் போய்ச் சேர வேண்டிய இடம் என்று எதுவும் கிடையாது. ஒரகடத்துக்குப் பக்கத்தில், ஏரி நிறைந்தால் நெல், மேட்டில் வேர்க்கடலை என்று பிழைத்த கிராமம். ஏழு மணி பஸ் எட்டு மணிக்கு வரும். அது வந்த பிறகுதான் ஏழு ஆனதென்று ஊர் ஒப்புக்கொள்ளும்.

அப்பா கையில் எச்.எம்.டி. ஜனதா. தினமும் காலையில் பல் தேய்த்த கையோடு சாவி கொடுப்பார். அந்த நேரத்தில் யாரும் அவரிடம் பேசக் கூடாது. "நம்ம நாட்டுச் சரக்குடா" என்று சொல்லிக் கண்ணாடியை வேட்டி முனையால் துடைப்பார்.

சித்தப்பா ஷார்ஜாவிலிருந்து வந்தவர். அவர் கையில் சீக்கோ ஃபைவ். ஸ்டீல் செயினை வேண்டுமென்றே தளரவிட்டிருப்பார். கையைத் தூக்கி ஓர் உதறு உதறினால் வாட்ச் முழங்கைப் பக்கம் இறங்கும். தொங்கவிட்டால் மணிக்கட்டுக்கு வந்து சேரும். பீடியையும் அந்தக் கையால்தான் பிடிப்பார். டீக்கடையில், "மணி இன்னா ஆவுதுண்ணே?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டுத்தான் பதில் வரும்.

1963இல் ஜப்பானில் வந்தது சீக்கோ ஃபைவ். அந்த ஐந்துக்குக் கணக்கு உண்டு: தானாக முறுக்கேறும், கிழமையும் தேதியும் ஒரே ஜன்னலில் தெரியும், தண்ணீர் தாங்கும், சாவி நாலு மணிப் பக்கம் ஒதுங்கி உட்கார்ந்திருக்கும், கூடும் செயினும் லேசில் தேயாது. உள்ளே அரைவட்டத்தில் ஓர் எடை. கை ஆடினால் அது சுழன்று ஸ்பிரிங்கை முறுக்கும், எந்தப் பக்கம் சுழன்றாலும் சரி. கழற்றி வைத்தால் நாற்பது மணி நேரம்போல ஓடி நிற்கும். சித்தப்பா கழற்றியதே இல்லை. உறக்கத்தில் அவர் புரண்டு படுப்பதே வாட்சுக்காகத்தான் என்று பாட்டி நம்பினாள்.

வளைகுடா நாடுகளுக்குப் போன சீக்கோவில் கிழமை ஆங்கிலத்திலும் வரும், அரபியிலும் வரும். சித்தப்பா அரபியில்தான் வைத்திருந்தார். அவருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. கிழமை கேட்டால் ஜன்னலை உற்றுப் பார்ப்பார், நேற்று என்ன கிழமை என்று மனதுக்குள் யோசிப்பார், பிறகு "வியாழன்" என்பார். மறுத்துப் பேச ஊரில் அரபி படித்தவர் யார்?

இரண்டு வாட்சுக்கும் வருஷக்கணக்கில் வழக்கு நடந்தது. "அந்நிய மோகம்" என்பார் அப்பா. "கட்டை வண்டி" என்பார் சித்தப்பா. எச்.எம்.டி. 1961இல் பெங்களூரில் வாட்ச் செய்ய இறங்கியதே ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்துதான் என்பது இருவருக்கும் தெரியாது. எங்கள் திண்ணையில் அடித்துக்கொண்டது சுதேசியும் விதேசியும் அல்ல, சிட்டிசனும் சீக்கோவும். டோக்கியோவின் பங்காளிச் சண்டையை நாங்கள் எடுத்து நடத்திக்கொண்டிருந்தோம்.

பிறகு ஜப்பானே நேரில் வந்தது. முதலில் வந்தது கொரியா. தொண்ணூறுகளில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். 2010இல் ஒரகடத்தில் ரெனோவும் நிசானும். கொமாட்சு, வல்லம் பக்கம் யமஹா என்று வரிசை நீண்டது. வேர்க்கடலை போட்ட மேட்டில் சிப்காட். சித்தப்பா கையில் இருந்த ஐந்து இப்போது தொழிற்சாலைச் சுவரில் 5எஸ் என்று தொங்குகிறது: வேண்டாததை ஒதுக்கு, இருப்பதை அடுக்கு, சுத்தம் செய், முறைப்படுத்து, விடாமல் கடைப்பிடி. 2016இல் எச்.எம்.டி.யின் வாட்ச் பிரிவை மூட மத்திய அரசு முடிவெடுத்தபோது, இங்கே ஷிஃப்ட் பஸ்கள் நிமிஷம் தவறாமல் ஓடிக்கொண்டிருந்தன. ஐந்து பத்துக்கு வரும் கம்பெனி பஸ் ஐந்து பத்துக்கே வருகிறது. ஊர்க்காரர்களுக்கு இது முதலில் அநியாயமாகப் பட்டது.

அக்கா மகன் ஒரு கார் கம்பெனியில் அசெம்பிளி லைனில் இருக்கிறான். அவன் முன்னால் வண்டி நிற்கும் நேரம் நொடிக்கணக்கு. அதற்குள் அவன் பங்கு போல்ட் முறுக்கப்பட வேண்டும். தவறினால் லைன் நிற்கும், மேலே பலகையில் விளக்கு எரியும், சூப்பர்வைசர் வருவார். இவ்வளவு நேரம் பார்க்கும் இடத்தில் கையில் வாட்ச் கட்டக் கூடாது. மோதிரம், காப்பு, பெல்ட் பக்கிள் எதுவும் வெளியே தெரியக் கூடாது. பெயின்ட்டில் கீறல் விழுந்துவிடும்.

நேரமே தேவைப்படாத ஊரில் வாட்ச் கட்டினோம். நேரத்தைத் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில் வெறுங்கையோடு நிற்கிறான் பையன்.

அவன் கல்யாணத்தில் பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு என்ன வாட்ச் வேண்டும் என்று கேட்டார்கள்.

"சீக்கோ ஃபைவ் சொல்லிட்டேன் மாமா. 2019ல புதுசா விட்டாங்களே, அந்த மாடல். சின்ன தாத்தா கட்டுவாரே, அதே பேரு."

"கம்பெனிக்குக் கட்டிக்கிட்டுப் போக முடியாதேடா?"

"ஞாயித்துக்கிழமைக்குத்தான் மாமா."

அப்படியே நடக்கிறது. ஞாயிறு முழுக்கக் கையில் கிடந்து முறுக்கேறும் வாட்ச், இரவு பீரோவுக்குப் போய், செவ்வாய் மத்தியானத்துக்குள் நின்றுவிடுகிறது. இந்த மாடலில் கையாலும் சாவி கொடுக்கலாம். ஷிஃப்ட் முடிந்து வருபவனுக்கு அதற்கு ஏது தெம்பு? அடுத்த ஞாயிறு குளித்துவிட்டு வந்து உட்கார்ந்து தேதியைத் திருப்புகிறான், கிழமையைத் திருப்புகிறான், செல்போனைப் பார்த்து வாட்சுக்கு மணி சொல்கிறான்.