கதிரை ஒண்டு போடு மனே

வாடா மனே, வா. மருமகன் பீப்பாவொண்டை வள்ளத்தில ஏத்திக்கொண்டு படுவான்கரைக்கு வாறான் எண்டு துறையில சொன்னாங்க. டீசலாக்கும் எண்டு கானையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தன். பாத்தா வெறும் பீப்பா, அதுவும் அடி குழிஞ்சது. "இது கரீபியன் வாத்தியம் மாமா" எண்டுறாய். நல்லது. 2022இல பெற்றோல் வரிசையில நிண்ட நேரம் இதைத் தட்டியிருந்தா ஊரே திரண்டிருக்கும்.

சரி, அடி பாப்பம்.

பொய் சொல்லக்கூடாது, சத்தம் நல்லாத்தான் இருக்கு. ரெண்டு கொக்கு எழும்பிப் போனதைத் தவிர வேற சேதமில்ல. டிரினிடாட் ஆக்கள் பீப்பாவின்ட அடியைச் சுத்தியலால மெல்ல மெல்ல இறக்கித் தாச்சி போலக் குழிச்சு, சுரத்துக்கொரு வட்டம் கீறி, நெருப்பில வாட்டி, மறுகா தட்டித் தட்டிச் சுதி சேப்பாங்க. பெரிய வட்டம் கீழ்ச்சுரம், சின்ன வட்டம் மேல்ச்சுரம். நீ அரை மணித்தியாலம் போன்ல பாத்திட்டுச் சுத்தியல் எடுத்தாய். அதான் உன்ட சட்சமும் பஞ்சமமும் கதைபேச்சில்லாத சம்பந்திமார் போலக் கிடக்கு. என்ட மத்தளத்தில கை படிய எனக்கு ஏழு கூத்து அரங்கேறிச்சு மனே. பீப்பாவும் கொஞ்சம் பொறுமை கேக்கும்.

என்ன முழிக்கிறாய்? மாமனுக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும் எண்டோ? வாசிகசாலைக்கு நான் நித்திரை கொள்ள மட்டும் போறயில்ல.

இன்னும் கேள். 1880களில வெள்ளைக்காரன் டிரினிடாட்டில தோல்மேளத்தைத் தடுத்தான். சனம் மூங்கிலை வெட்டி நிலத்தில குத்தித் தாளம் போட்டுது. மறுகா பிஸ்கட் தகரம், பெயின்ட் வாளி. 1940களில எண்ணெய்ப் பீப்பா. அடிச்சவனெல்லாம் சண்டியன், உருப்படாதவன் எண்டு பெரிய வீட்டு ஆக்கள் முகம் சுழிச்சாங்க. 1951இல அதில கொஞ்சப்பேர் லண்டனுக்குப் போய் அடிக்க, வெள்ளைக்காரன் கைதட்டினான். அதோட ஊர்ப் பெரியாக்களுக்கும் காது திறந்திட்டு. 1992இல அது தேசிய வாத்தியம். 2023இல ஐக்கிய நாடுகள் சபை ஆகஸ்ட் 11ஐ அதுக்கொரு உலக நாளாக்கிப் போட்டுது. மேளம் மாறயில்ல மனே, கேட்டவன்ட காதுதான் மாறிச்சு.

அந்தக் கரீபியன் ஏதோ ஏழு கடலுக்கு அங்கால எண்டு நினையாத. 1853இல ஒரேலி எண்ட கப்பல் புதுச்சேரிப் பக்கத்துக் கூலி ஆக்களை மார்த்தினிக்கில இறக்கிச்சு; அடுத்த வருசம் குவாதலூப்பில. கரும்பு வெட்டப் போனவன் தப்பையும் மத்தளத்தையும் விட்டிட்டுப் போகயில்ல. நாடகம் எண்ட சொல்லு அங்க 'நாத்ரோன்' எண்டு கிடக்கு. கயானாவில காளிக்கு இண்டைக்கும் தப்புத்தான். எங்கட மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. எண்டு உலகம் சொல்லுற பிள்ளை, 2007இல தாயின்ட பேரில 'கலா' எண்ட இசைத்தட்டைப் போட்டா. அதில 'பாய்ஸ்' பாட்டுக்கு உறுமி மேளம். படம் பிடிச்சது ஜமேக்காவில.

அந்தப் பீப்பாவுக்குள்ள இருக்கிற ஆபிரிக்கத் தாளமும் உனக்குப் புதிசில்ல. போர்த்துக்கேயப் பறங்கி 1628இல எங்கட புளியந்தீவில கோட்டை கட்டினான். அவங்க கொண்டுவந்த ஆபிரிக்க ஆக்கள்ட தாளந்தான் எங்கட பறங்கியர் கலியாணவீட்டில கப்பிரிஞ்ஞாவா ஆடுது. ஒரே கண்டத்தில இருந்து அள்ளின சனம். ஒரு கப்பல் அங்கால போச்சு, ஒரு கப்பல் இங்கால வந்திச்சு.

இனித்தான் என்ட புத்திமதி. பீப்பாவோட பறைமேளத்தையும் மேடையேத்தப் போறன் எண்டாய். பெரிய மேளம், சின்ன மேளம், சொர்ணாளி, எல்லாம் சேந்தா கேக்க வேணுமோ! ஆனா உன்ட நோட்டீசைப் பாத்தன். உன்ட படம் ஒரு சாண். பீப்பாவின்ட படம் ரெண்டு சாண். அம்பது வருசம் பறையடிச்ச மனிசன் அடியில 'மற்றும் குழுவினர்'. பீப்பாவுக்குப் பொட்டு வைச்ச நீ, அவர்ட பேரைக் கேட்டியோ?

உன்னை மட்டும் சொல்லயில்ல. சடங்கெண்டா அவர்ட மேளம் முன்னுக்குப் போகவேணும். பூசையெண்டா அவர் பின்னுக்கு நிக்கவேணும். நானும் அண்ணாவியார் எண்டு சபை நடுவில இருந்து தேத்தண்ணி குடிச்சவன். அவருக்கெண்டு தனியா ஒரு கோப்பை வேலிக் கம்பில கவிழ்த்துக் கிடக்கும். கண்டும் காணாமத்தான் இருந்தன். தாளம் பிசகினா வெருட்டுற எனக்கு, அந்தப் பிசகு மட்டும் கேக்கயில்ல.

லண்டன்காரன் கைதட்டுமட்டும் டிரினிடாட் பெரியாக்கள் காத்திருந்த மாதிரி நீயும் காத்திருக்காத. பறை வெளிநாடு போய்த் திரும்பி வந்தா நீயே மாலையோட கட்டுநாயக்காவில நிப்பாய், எனக்குத் தெரியும்.

நோட்டீசைத் திருப்பி அடி. மேடை நடுவில ஒரு கதிரை போட்டு அவரை முதல்ல இருத்து. அந்தக் கதிரை எண்ட சொல்லும் பறங்கியின்ட கப்பலிலதான் வந்திச்சு. நானூறு வருசமா வாயில வைச்சிருக்கிறம். அவருக்கு இன்னும் ஒண்டு போடயில்ல.

இப்ப அந்தப் பீப்பாவைக் கவிழ்த்து வை. மழை வந்தா கொசு முட்டையிடும்.