அம்மாவுக்கு மாநாடு, பிள்ளைக்கு லீவு

மே மாதம் முழுக்க எங்கள் வீட்டில் பெட்டி மூடப்படவே இல்லை. வாசகர் கடிதங்களும் இந்த முறை பெரும்பாலும் லீவையும் பயணத்தையும் பற்றித்தான். உடுமலையிலிருந்து என் பதில்கள்.

*

லீவு எப்படிப் போச்சுங்க டீச்சர்?
(ஓய்வுபெற்ற தபால்காரர், மடத்துக்குளம்)

பஸ்ஸிலும் ரயிலிலும் போச்சுங்க ஐயா. பெங்களூரு, மைசூரு, சென்னை என்று மூன்று ஊர், மூன்றிலும் கல்விக் கருத்தரங்கு. நடுவில் அப்புச்சி ஊரில் நோம்பி, தங்கச்சி பையனுக்குக் காதுகுத்து. வீட்டுக்காரர் வேலை செய்யும் பனியன் கம்பெனியில் ஏற்றுமதி ஆர்டர் அவசரம். நாங்கள் நான்கு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டது மொத்தம் ஒன்பது ராத்திரி. கணக்கு என்னுடையது இல்லை. மூன்றாவது படிக்கும் என் மகள் அந்தந்தத் தேதிமேல் புளியங்கொட்டையைப் பசை வைத்து ஒட்டியிருக்கிறாள். காலண்டரைத் திருப்பினால் இன்னும் கரகரவென்று சத்தம் கேட்கிறது.

*

பெற்ற பிள்ளைகளை லீவில் விட்டுவிட்டு ஊர் ஊராகக் கல்வி மாநாட்டுக்குப் போகிறீர்களே, மனசு உறுத்தாதா?
(இல்லத்தரசி, பொள்ளாச்சி)

உறுத்துகிறது அக்கா. பழனி தாண்டும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

உங்கள் கேள்வியைப் படித்ததும் இத்தாலிய டாக்டரும் கல்வியாளருமான மரியா மாண்டிசோரியின் நினைவுதான் வந்தது. 1939 நவம்பரில், 69 வயதில், ஆசிரியர்களுக்குச் சில மாதம் பயிற்சி கொடுக்கலாம் என்று சென்னை அடையாறுக்கு வந்தார். கூடவே மகன் மாரியோ. கீற்றுக் கொட்டகைகளில் வகுப்பு, சுமார் 300 பேர் படித்தார்கள். அடுத்த ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. ஆங்கிலேய அரசுக்கு அவர்கள் எதிரி நாட்டுக்காரர்கள் ஆகிவிட்டார்கள். மாரியோவைக் காவலில் வைத்தார்கள், அம்மாவை அடையாறைவிட்டு நகரக்கூடாது என்றார்கள். ஆகஸ்ட் 31 அவருக்கு 70-ஆவது பிறந்தநாள். அதையொட்டி மகனை விடுவித்து அம்மாவிடம் சேர்த்தார்கள். பிறகு இரண்டு வருஷம் போல இருவரும் கொடைக்கானலில் இருந்தார்கள். சில மாதம் என்று வந்தவர் திரும்பி ஐரோப்பாவுக்குப் போனது 1946-இல்.

இதில் என்னைத் தூங்கவிடாத பகுதி வேறு. அந்த மாரியோவைக் கைக்குழந்தையிலேயே கிராமத்தில் வேறொரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுத்திருந்தார். கல்யாணம் ஆகாமல் பெற்ற பிள்ளை. வெளியே தெரிந்தால் அந்தக் காலத்து ரோமில் ஒரு பெண் டாக்டருக்கு வேலையே இருந்திருக்காது. பையன் அம்மாவோடு வந்து சேர்ந்தது 15 வயதுக்குமேல்தான். உலகத்துப் பிள்ளைகள் எப்படி வளர வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவருக்குத் தன் பிள்ளை தத்தித் தத்தி நடந்ததைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. குற்றம் அவர்மேல் இல்லை, அவரை அந்த இடத்தில் நிறுத்திய ஊரின்மேல். ஆனால் அந்த இழப்பைப் படித்த பிறகு நான் எனக்கென்று ஒன்று முடிவு செய்துகொண்டேன். ஒரு பயணத்துக்கு மூன்று ராத்திரிக்குமேல் கிடையாது. திரும்பும் தேதியில் மகள் கையாலேயே வட்டம் போடவேண்டும். அந்தத் தேதி மாறக்கூடாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் ஆர்டர் விஷயமாகப் பத்து நாள் கொல்கத்தா போனபோது, “பாவம், பிள்ளைகளுக்காக அலையறாரு” என்றுதான் தெருவே சொன்னது. உறுத்துகிறதா என்று அவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை. அடுத்த முறை அவரையும் கேளுங்கள் அக்கா. பதில் சொல்வார், அவருக்கும் உறுத்தத்தான் செய்தது.

*

கல்வி மாநாட்டில் அப்படி என்னதான் கிடைக்கிறது? பையும் பேனாவும்தானே?
(கல்லூரி மாணவர், தாராபுரம்)

சில இடத்தில் அதுதான் தம்பி. இந்தக் கோடையிலேயே ஓர் அமைப்பு நடத்திய கூட்டத்துக்குப் போனேன். பொன்னாடையும் வரவேற்புரையுமாகவே மதியம் ஒரு மணி ஆகிவிட்டது. ஆசிரியர்கள் பேச ஒதுக்கியது 20 நிமிடம். காதுகுத்தை விட்டுவிட்டு அங்கே போனேன். தங்கச்சி இன்னும் சரியாகப் பேசவில்லை.

மாநாடு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நம்மிடமே ஒரு முன்மாதிரி உண்டு. காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு, 1950-களின் இறுதியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைத் தொடங்கினார். ஊர் ஊராக நடந்தன. உள்ளூர்ப் பள்ளிக்கு என்னென்ன குறை என்று முன்கூட்டியே பட்டியல் போடுவார்கள். மாநாட்டன்று ஊர்க்காரர்கள் பெஞ்சும் கடிகாரமும் கரும்பலகையும் சீருடைத் துணியுமாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள். இடம் எழுதிக் கொடுத்தவர்களும் உண்டு. பல மாநாடுகளுக்குக் காமராஜரே போனார். மாநாடு முடிந்த மறுநாள் பிள்ளைகள் தரையிலிருந்து பெஞ்சுக்கு ஏறினார்கள். இதைவிட நல்ல தீர்மானம் எந்த மாநாட்டில் போட்டார்கள்?

நான் கொண்டுவருவது அந்த அளவுக்கு இல்லை. ஒரு மாநாட்டுக்கு ஒரே ஒரு பாடம், அதையும் வீட்டில் செய்துபார்த்துவிட்டுத்தான் வகுப்புக்கு எடுத்துப் போவேன். மைசூரில் ஒரு கன்னட டீச்சர் காட்டியது: பிள்ளைகளுக்குப் பதிலைச் சொல்லாதே, ஒரு நாள் முழுக்கக் கேள்வியை மட்டும் சேர்க்கச் சொல். வீட்டுக்கு வந்து பையை வைத்ததும் என் மகள் மாநாட்டு ஐடி கார்டை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். நாடா தொப்புள்வரை தொங்கியது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைத்தாள். ஆளுக்கொரு கேள்வி. எனக்குப் பிடித்தது ஓர் ஆறு வயசுப் பையன் கேட்டது: “காத்தாடிதான் காத்து உடுதா, காத்துதான் காத்தாடியச் சுத்துதா?” பூளவாடி, குடிமங்கலம் பக்கமெல்லாம் காற்றாலை நிற்கிற ஊரில் பிறந்த பிள்ளை கேட்கவேண்டிய கேள்விதான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றைப் பற்றி நான் இரண்டு வருஷமாக நடத்துகிறேன். ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்லை.

*

எங்கூட்டுக்காரம்மா அங்கன்வாடிப் பணியாளர். பயிற்சின்னு நாலு நாள் போனாங்க. எனக்கு ஒன்றரை ஷிப்டு. ரெண்டு பசங்களை வெச்சுக்கிட்டு திண்டாடிப்போனேன். என்ன வழி?
(ஓவர்லாக் டெய்லர், அனுப்பர்பாளையம்)

அந்த நாலு நாளைக்கு ஒரு ஷிப்டு மட்டும் பாருங்கண்ணா. அரை ஷிப்டுக் காசு போகும், தெரியும். வருஷம் பூராவும் பசங்களுக்காக அவங்க விட்ட அரை ஷிப்டுகளுக்குக் கணக்கே இல்லை. சோறு வடிக்கப் பெரியவனுக்குச் சொல்லிக்கொடுங்க. ரசம் நீங்க வையுங்க. பயிற்சி முடிஞ்சு அவங்க வந்ததும் என்ன கத்துக்கிட்டீங்கன்னு உட்கார்ந்து கேளுங்க. இதுவரைக்கும் யாரும் கேட்டிருக்க மாட்டாங்க.

*

மே மாதம் சென்னைக்கு ரயில் டிக்கெட் கிடைக்க என்ன செய்வது?
(நூல் வியாபாரி, உடுமலை)

மார்ச்சில் யோசிக்க வேண்டும். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 60 நாளைக்கு முன்புதான். அதற்கு முன் 120 நாளாக இருந்தது. நம் ஊர் வழியாகப் போகும் பாலக்காடு–சென்னை வண்டியில் மே நடுவில் படுக்கை வேண்டுமென்றால், மார்ச் நடுவில் காலை எட்டு மணிக்கு விரலைத் தயாராக வைத்திருங்கள்.

*

என் மகனுக்கு 13 வயசு. லீவில் சும்மா இருக்கானேன்னு கம்பெனியில் கைமடிக்க அனுப்பலாமா? நாலு காசும் வரும், கெட்டும் போகமாட்டான்.
(ஒரு தாய், பல்லடம்)

வேண்டாம் தாயி. சட்டமே வேண்டாம் என்கிறது. 1986-ஆம் வருஷக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-இல் திருத்தி, 14 வயசுக்குக் கீழே எந்த வேலைக்கும் பிள்ளைகளை வைக்கக்கூடாது என்று ஆக்கினார்கள். சொந்தக் குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போகவும் லீவிலும் உதவலாம் என்று ஒரு விலக்கு இருக்கிறது. அந்தச் சந்துக்குள் நுழைந்துதான் நம் ஊரில் மூட்டை மூட்டையாகத் துணி வீட்டுக்கு வந்து, பிள்ளைகள் மடியில் பிசிறு வெட்டும் வேலையாக உட்கார்கிறது. எனக்கு அந்த விலக்கே பிடிக்கவில்லை.

சட்டத்தை விடுங்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஏழாவது முடித்து லீவில் கைமடிக்கப் போன பையன் ஜூனில் வந்தான். அவன் சட்டைப்பையில் சனிக்கிழமை சம்பளம் இருந்தது. எட்டாவது வகுப்புப் பெஞ்சு அவனுக்குச் சின்னதாகிவிட்டது. ஆடி பிறப்பதற்குள் வருவதை நிறுத்திவிட்டான். மூன்று முறை அவன் வீட்டுக்குப் போனேன். மூன்று முறையும் காபி கொடுத்தார்கள், பையனைக் கொடுக்கவில்லை. இன்றைக்கு அவன் நல்ல கட்டிங் மாஸ்டர், வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்திக் கும்பிடுகிறான். அவன் நோட்டில் வரைந்த பறவைகள் என் பீரோவில் இருக்கின்றன. திருப்பிக் கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கெட்டுப்போவான் என்ற பயம் நியாயமானதுதான். பகலில் நூலகத்துக்கு அனுப்புங்கள், சாயங்காலம் கபடிக்கு விடுங்கள். அவன் சும்மா இருந்தாலும் ஒன்றும் கெட்டுவிடாது. வேறு எந்தப் பிள்ளையாவது கம்பெனியில் வேலை செய்வதைப் பார்த்தால் 1098-க்குச் சொல்லுங்கள்.

*

எங்கள் லைன் வீட்டில் ஒடிசா, பீகார்க்காரர்கள் குடியிருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் லீவு நாள் முழுக்க வாசலிலேயே கிடக்கின்றன. சத்தம் தாங்கவில்லை.
(வீட்டு உரிமையாளர், வீரபாண்டி)

அம்மா அப்பா இரண்டு பேரும் கம்பெனியில். ஒற்றை அறை, மேலே தகரம். வாசலுக்கு வராமல் அந்தப் பிள்ளைகள் எங்கே போகும்?

சத்தத்தைவிட எனக்குப் பெரிய கவலை அவர்கள் சாப்பாடு. பள்ளி நாளில் காலையில் சிற்றுண்டி உண்டு, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய திட்டம். மத்தியானம் சத்துணவு. லீவு விட்டதும் இரண்டும் நின்றுவிடும். வறட்சி பாதித்த மாநிலங்களில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு போடவேண்டும் என்று 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. வறட்சி வந்தால்தான் போடவேண்டுமா? அப்பா அம்மா இரண்டு பேரும் ஷிப்டில் இருக்கிற பனியன் ஊர்களில் கோடையிலும் சத்துணவுக் கூடத்தைத் திறந்து வைக்கவேண்டும் என்று போகிற மாநாட்டிலெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சென்னையில் இரண்டு பேர் குறித்துக்கொண்டார்கள்.

அதுவரைக்கும் உங்கள் வாசலில் ஒரு பானைத் தண்ணீரும் சாக்பீஸ் நாலும் வையுங்கள். உங்கள் பேரன் பேத்திகளையும் இறக்கிவிடுங்கள். பத்தே நாளில் அந்தப் பிள்ளைகள் தமிழில் சண்டை போடும், உங்கள் பேத்தி ஒடியாவில் எண்ணுவாள். நான் பெங்களூரில் மூன்று நாள் உட்கார்ந்து கேட்ட மொழிக் கல்வி உங்கள் வாசலிலேயே இலவசமாக நடக்கும்.

*

ஒரே நாள் லீவு, கையில் காசு கம்மி. பிள்ளைகளை எங்கே கூட்டிப்போகலாம்?
(மில் தொழிலாளி, உடுமலை)

அமராவதி அணைக்கு. 1957-இல் கட்டிய அணை, 1976 முதல் அங்கே முதலைப் பண்ணை. வாயைப் பிளந்துகொண்டு அசையாமல் கிடக்கும் முதலையைப் பார்த்துப் பிள்ளைகள் “பொம்மையாப்பா?” என்பார்கள். அப்போது இதைச் சொல்லுங்கள்: முதலைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பது முட்டை புதைந்த மண்ணின் சூட்டைப் பொறுத்தது. அங்கே இருக்கும் சதுப்பு முதலைக்கு 32 டிகிரியைக் கொஞ்சம் தாண்டினால் பெரும்பாலும் ஆண், அதைவிடக் குளிர்ந்தால் பெரும்பாலும் பெண். திரும்பி வரும் பஸ் முழுக்கக் கேள்வி கேட்டே உங்களைக் கொன்றுவிடுவார்கள்.

பஞ்சலிங்க அருவிக்குப் போவதானால் கோடை மழைக் காலத்தில் கவனம். திருமூர்த்திமலை அடிவாரத்தில் வெயில் அடித்தாலும் மேலே காட்டில் மழை பெய்தால் அருவியில் திடீரென்று வெள்ளம் வரும். ஏறு என்றால் ஏறுங்கள், இறங்கு என்று வனத்துறைக்காரர் சொன்னால் துண்டைக்கூடப் பிழியாமல் இறங்கிவிடுங்கள்.

*

டீச்சர், லீவுக்கு மூணாறு போனோம். அம்மா குறிஞ்சிப்பூ காட்டறேன்னு சொன்னாங்க. ஒண்ணுகூட இல்லை. ஏன்?
(நாலாம் வகுப்பு மாணவி, தளி)

அம்மா பொய் சொல்லவில்லை கண்ணு, கொஞ்சம் சீக்கிரமாகச் சொல்லிவிட்டார். நீலக்குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒருமுறைதான் மலையெல்லாம் பூக்கும். 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது. அடுத்து 2030. அப்போது நீ எட்டாவதோ ஒன்பதாவதோ படிப்பாய். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது: அது பூப்பது ஆகஸ்டுக்கும் அக்டோபருக்கும் நடுவில், பள்ளிக்கூடம் நடக்கும்போது. லீவு கேட்கவேண்டியிருக்கும். எனக்கு எழுது, உன் ஹெட்மாஸ்டருக்கு நான் ஒரு கடிதம் தருகிறேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ.