பின்னோக்கியல்: இழுவை வண்டியின் கேமரா வயர் குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

அமெரிக்கக் குடும்பம் ஒன்று, முப்பதடி நீள ட்ரெய்லர் வீட்டைப் பிக்கப் வண்டியின் கொக்கியில் மாட்டி ஊர் சுற்றக் கிளம்புகிறது. முன்னே போகும்வரை தொல்லையில்லை. முகாம் திடலில் ஒதுக்கிய இடத்துக்குள் அதைப் பின்பக்கமாக நுழைக்கும்போதுதான் அறிவியல் தேவைப்படுகிறது. வீட்டின் முதுகில் ஒரு கேமரா வைத்தால், அதற்கு மின்சாரம் எந்த வயரிலிருந்து எடுப்பது? இதுவே இங்கு எடுத்துக்கொண்ட வினா. அற்ப வினா என்போர், சனிக்கிழமை முழுவதும் ட்ரெய்லருக்கு அடியில் மல்லாந்து கிடந்தவரிடம் அதைச் சொல்லிப் பார்க்கலாம்.

2. முன்னோர் முயற்சிகள்

முதுகைப் பார்க்கும் ஆசை பழையது. 1956இல் ப்யூக் காட்சிக்கு வைத்த செஞ்சூரியன் என்ற மாதிரிக் காரில், கண்ணாடிக்குப் பதிலாகப் பின்புறம் தொலைக்காட்சிக் கேமரா இருந்தது. 1991இல் ஜப்பானில் டொயோட்டா சோரர் கார் அதை விற்பனைக்கே கொண்டுவந்தது. 2018 மே 1 முதல், 10,000 பவுண்டுக்கு உட்பட்ட புது வண்டிகள் எல்லாவற்றுக்கும் அமெரிக்க அரசு பின்புறக் காட்சியைக் கட்டாயமாக்கியது. சட்டம் இழுக்கும் வண்டியோடு நின்றுகொண்டது. இழுபடும் வண்டியைக் கணக்கில் எடுக்கவில்லை. ஆகவே ட்ரெய்லரை மாட்டிய நொடி முதல், சட்டம் தந்த கேமரா ட்ரெய்லரின் முன்சுவரைத் துல்லியமாகக் காட்டிக்கொண்டிருக்கிறது.

3. நிறப் பிணக்கு

இரு வண்டிகளையும் சேர்க்கும் வட்டப் பிளக்கில் ஏழு முனைகள்: எர்த், பிரேக், டெயில் விளக்கு, இடது இண்டிகேட்டர், வலது இண்டிகேட்டர், பேட்டரி மின்சாரம், நட்டநடுவில் ரிவர்ஸ் விளக்கு. வேலைப் பிரிவினையில் சண்டையில்லை. வயர் நிறத்தில்தான் இரு பள்ளிகள் மோதுகின்றன. சரக்கு ட்ரெய்லர் பள்ளியில் மஞ்சள் என்றால் இடது இண்டிகேட்டர். வீட்டு ட்ரெய்லர் பள்ளியில் அதே மஞ்சள் ரிவர்ஸ். முன்னதில் டெயில் விளக்கான பழுப்பு, பின்னதில் வலது இண்டிகேட்டர். முன்னதில் வலது இண்டிகேட்டரான பச்சை, பின்னதில் டெயில் விளக்கு. நீலம் பிரேக் என்பதிலாவது இருவரும் உடன்படுகிறார்களே என்று மகிழும்போது, ஐந்து முனைத் தட்டைப் பிளக் குறுக்கிட்டு, 'என்னிடம் நீலம் ரிவர்ஸ்' என்கிறது. இவற்றையெல்லாம் ஒப்புநோக்கி நாம் வகுத்த ஒரே சூத்திரம்: நிறத்தைக் கேளாதே, டெஸ்டரைக் கேள்.

4. மும்மார்க்கம்

கேமராவுக்கு மின்சாரம் பெற மூன்று மார்க்கங்கள் உள்ளன.

முதலாவது ரிவர்ஸ் மார்க்கம். கியரைப் போட்டால் கேமரா விழிக்கும், மாற்றினால் உறங்கும். தூயது, ஆனால் நெடுஞ்சாலையில் பின்னால் முட்டிக்கொண்டு வருபவரைக் காட்டாது.

இரண்டாவது டெயில் விளக்கு மார்க்கம். பல ட்ரெய்லர் நிறுவனங்கள் இதிலிருந்தே வயரை முன்கூட்டி இழுத்து வைக்கின்றன. இதைப் பின்பற்றுவோர் உச்சிவெயிலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓட்டுவர். எதிரே வருபவர் கையசைத்து எச்சரித்தால் புன்னகையோடு கடந்துவிடுவர்.

மூன்றாவது பேட்டரி மார்க்கம். கேமரா எந்நேரமும் விழித்திருக்கும். சில பிக்கப்களில் சாவியை எடுத்த பின்னும் இந்த முனையில் மின்சாரம் ஓடும். நடுவில் ஒரு சுவிட்ச் வைக்காதவர், ஆளில்லாத திடலை இரவெல்லாம் படம்பிடித்துவிட்டு, காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டியின் முன் நிற்க நேரலாம்.

'வயரே வேண்டாம், வயர்லெஸ் போதும்' என்பது நான்காவது மார்க்கம் அன்று. படம்தான் காற்றில் வரும். கேமராவுக்கான மின்சாரம் பெரும்பாலும் மேற்கண்ட மூன்றில் ஒன்றின் வழியாகவே வரவேண்டும். படமும் அலுமினியச் சுவர்களைத் தாண்டி முப்பதடி வருவதற்குள் களைத்துவிடுவதுண்டு.

5. இடவலக் கோட்பாடு

படம் வந்துவிட்டது என வைத்துக்கொள்வோம். கண்ணாடியில் தெரிவதுபோல இருப்பதற்காக ரிவர்ஸ் கேமரா இடவலம் மாற்றியே காட்டும். ட்ரெய்லரோ பின்னோக்கிப் போகையில் ஸ்டீரிங்கை வலப்புறம் திருப்பினால் இடப்புறம் போகும். மாற்றிக் காட்டுவதைப் பார்த்து மாற்றி ஓட்டினால் நேராகுமா என்றால், ஆகாது. ஸ்டீரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்து, ட்ரெய்லர் போகவேண்டிய பக்கம் கையை நகர்த்து என்பது பழம் ஓட்டுநர் வாக்கு. இதற்கு வயர் தேவையில்லை என்பதாலோ என்னவோ, இதை ஆராய்ந்தவர் குறைவு.

6. சமூகவியல் சான்று

கேமரா வருவதற்கு முன் பின்னால் நின்று கையசைத்தவர் வாழ்க்கைத்துணை. 'இன்னும் வா' என்ற சைகையும் 'போதும் நிறுத்து' என்ற சைகையும் கண்ணாடியில் ஒன்றுபோலத் தெரிந்ததால் எழுந்த உரையாடல்கள் அச்சேறத்தக்கவை அல்ல. வண்டியை நிறுத்தும்போது சொன்னதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்கும் வாசகம் பொறித்த கால்மிதிகளும் பனியன்களும் அமெரிக்காவில் விற்பனையாகின்றன. கல்வெட்டுச் சான்றுக்கு இணையாக இவற்றைக் கொள்ளலாம்.

7. முடிவும் மேலாய்வும்

கேமரா தரையையும் கம்பத்தையும் காட்டும். கூரைமேல் இருக்கும் ஏசி பெட்டியை உரசப்போகும் மரக்கிளையைக் காட்டாது. எனவே துணைவர் இறங்கித்தான் ஆகவேண்டும். பின்னால் பார்த்த வேலை போய், மேலே பார்க்கும் வேலை வந்திருக்கிறது. சண்டையின் திசை மாறியிருக்கிறதே தவிர அளவு குறைந்ததாகத் தெரியவில்லை. இதற்குத் தீர்வு கூரைமேல் இன்னொரு கேமரா என்பதில் ஐயமில்லை. அதன் வயரை இழுக்க எட்டாவது முனை ஒன்று வேண்டும். அந்த வயரின் நிறம் என்ன என்பதை இரு பள்ளிகளும் கூடித் தீர்மானித்த பின்னர் ஆய்வு தொடரும்.