அத்தையின் இடது கை

எங்கள் வீட்டில் ஒரே ஜூன் மாதத்தில் இரண்டு அட்மிஷன். அண்ணன் மகள் டி.எம்.எல்.டி. என்கிற லேப் படிப்பில் சேர்ந்தாள். ரத்தம் எடுப்பதுதான் அதில் முதல் வித்தை. என் மகன் பி.ஏ. தத்துவம். செய்தி மயிலாப்பூர் மாட வீதி நாலையும் சுற்றி வர ஒரு சாயங்காலம் போதுமானதாக இருந்தது. "அவ பொழச்சுப்பா. இவன்?" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார்கள். பெரியப்பா ஒருவர்தான் இரண்டு பேரையும் சமமாக நடத்தினார்: "ஒருத்தி ரத்தத்தை எடுப்பா, ஒருத்தன் உயிரை எடுப்பான்."

தத்துவத்துக்காக வெட்கப்படுகிற ஊரா இது? சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம், சைவ சித்தாந்தம், வைணவம் எல்லாவற்றுக்கும் தனித்தனி அடுப்பு. டாக்டர் ராதாகிருஷ்ணனே விரும்பித் தத்துவம் எடுத்தவர் இல்லை. கிறிஸ்தவக் கல்லூரியில் படிக்கும்போது, உறவுக்காரர் ஒருவர் தான் படித்து முடித்த தத்துவப் புத்தகங்களைச் சும்மா கொடுத்தார். காசு மிச்சம் என்று அதையே எடுத்துக்கொண்டார். 1909-ல் மாநிலக் கல்லூரியில் அதே பாடத்துக்கு ஆசிரியர். அந்த உறவுக்காரர் கணக்குப் புத்தகம் கொடுத்திருந்தால் எட்வர்ட் எலியட்ஸ் சாலை அவர் பெயருக்கு மாறாமல் இன்றும் எட்வர்ட் எலியட்ஸ் சாலையாகவே இருந்திருக்கும். இதைச் சொன்னால், "அது அந்தக் காலம்" என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள்.

இரண்டு பேரும் சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து படிப்பார்கள். காய் நறுக்கும் சாக்கில் நானும் இரண்டு பாடத்தையும் ஓசியில் கேட்டேன். மகனுக்கு டெகார்ட். "நான் சிந்திக்கிறேன்" என்று ஆரம்பித்த அதே புத்தகத்தில், 1637-ல், மனிதர் ரத்த ஓட்டத்தைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். ரத்தம் உடம்பைச் சுற்றி வருகிறது என்று 1628-லேயே ஹார்வி என்ற மருத்துவர் நிரூபித்திருந்தார். அதை டெகார்ட் ஒப்புக்கொண்டார். ஆனால் இதயம் ஏன் துடிக்கிறது என்பதில் பிடிவாதம்: உள்ளே இருக்கிற சூட்டில் ரத்தம் பொங்குகிறதாம். ஹார்வி மனிதர்களின் கையைப் பட்டையால் இறுக்கிக் கட்டி, நரம்பு புடைப்பதைப் பார்த்துச் சொன்னவர். கையைக் கட்டிப் பார்த்தவர் ஜெயித்தார். கையைக் கட்டிக்கொண்டு யோசித்தவர் தோற்றார். இதைக் கேட்டு அண்ணன் மகள் சிரித்த சிரிப்பில் மகன் அன்று சீக்கிரம் தூங்கப் போய்விட்டான்.

அவளும் முதலில் ரப்பர் கையில்தான் குத்திப் பழகினாள். ரப்பர் கைக்குக் கொழுப்பும் கிடையாது, அபிப்பிராயமும் கிடையாது. எங்கள் அத்தைக்கு இரண்டும் உண்டு. அண்ணன் மகள் லஸ் பக்கத்தில் ஒரு லேபுக்குப் பயிற்சிக்குப் போக ஆரம்பித்ததும், "எனக்கு நம்ம பொண்ணுதான் எடுக்கணும்" என்று அத்தை கிளம்பிவிட்டார். மகனும் தொற்றிக்கொண்டான்.

"உங்க பேர் சொல்லுங்க. வயசு?"

அத்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னையே யாருன்னு கேக்கறாடா!"

விதி அப்படி. 'நீங்கதானே இன்னார்?' என்று கேட்டால் அரைத் தூக்கத்தில் யார் வேண்டுமானாலும் தலையாட்டிவிடுவார்கள். சொந்த அத்தையானாலும் அவர் வாயால் பெயர் வர வேண்டும். மகனுக்கு ஒரே குஷி. நான் யார் என்று விசாரிக்கச் சொல்லித் திருவண்ணாமலையில் ரமணர் ஆயுள் முழுக்க உட்கார்ந்திருந்தார். இங்கே டோக்கன் கொடுத்துக் கேட்கிறார்கள்.

"வெறும் வயிறுதானே அத்தை?"

"சுத்தமா வெறும் வயிறு. காபி மட்டும் குடிச்சேன்."

தர்க்க சாஸ்திரத்தில் நுழைகிறவர்களுக்கு முதலில் கையில் கொடுக்கிற புத்தகம் தர்க்கசங்கிரகம். உலகத்தில் உள்ளதையெல்லாம் ஏழு பதார்த்தங்களில் அடக்கிவிடுகிறது அது. ஏழாவது அபாவம், அதாவது இல்லாமை. அத்தையின் வயிற்றில் இட்லியின் இல்லாமை இருந்தது, தோசையின் இல்லாமை இருந்தது; காபியின் இல்லாமைதான் இல்லை. மயிலாப்பூரில் யாரும் காபியை ஆகாரத்தில் சேர்ப்பதில்லை என்று நான் வாதாடிப் பார்த்தேன். அண்ணன் மகள் அசையவில்லை. நாளைக்கு வாருங்கள், தண்ணீர் மட்டும் குடிக்கலாம் என்று அனுப்பிவிட்டாள்.

மறுநாள் அத்தை காபியில்லாத முகத்தோடு வந்து உட்கார்ந்தார். "வலது கைல கிடைக்காது. போன தடவை ஒருத்தன் நாலு இடத்துல குத்தினான். இடது கை, உள்பக்கமா."

தர்க்க சாஸ்திரக்காரர்களான நையாயிகர்கள், ஒன்றை அறிந்துகொள்ளப் பிரத்யட்சம், அனுமானம், உபமானம், சப்தம் என்று நான்கு பிரமாணம் சொல்வார்கள். கடைசியில் வருகிற சப்தம் நம்பத்தக்கவரின் வாக்கு. நேற்று வெறும் வயிறு என்றவர் நம்பத்தக்கவரா என்று மகன் காதோரம் கேட்டான். அண்ணன் மகள் அந்தக் கேள்வியையே எழுப்பவில்லை; நேராக இடது கையைப் பிடித்துவிட்டாள். தன் வயிற்றைப் பற்றி யாரும் பொய் சொல்வார்கள், குத்துப்பட்ட கையைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள் என்பது அவள் கட்சி. பரீட்சைத் தாளில் இதற்கு எத்தனை மார்க் போடுவார்களோ தெரியாது, நான் முழு மார்க் போட்டேன்.

முழங்கைக்கு நாலு விரல் மேலே பட்டை ஏறியது. அதை ஒரு நிமிஷத்துக்கு மேல் விடக்கூடாது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. அத்தையின் கை வழவழவென்று இருந்தது. அண்ணன் மகள் அந்தக் கையைப் பார்க்கவே இல்லை. சுவரில் காலண்டரைப் பார்த்துக்கொண்டே ஆள்காட்டி விரலால் அழுத்தி அழுத்தித் தேடினாள். தசைநார் என்றால் கட்டையாக இருக்கும், தமனி துடிக்கும். வேண்டிய நரம்பு மட்டும் அமுங்கி மறுபடி எழும்பும். விரல் ஒரு இடத்தில் நின்றது. "அனுமானம்!" என்றான் மகன். "தொடறதும் பிரத்யட்சம்தானேடா?" என்றேன். அதற்கு அவன் சொன்ன பதில் வீடு போய்ச் சேர்ந்தும் முடியவில்லை. அதற்குள் இங்கே ஸ்பிரிட் காய்ந்து, ஊசி சாய்வாக இறங்கி, குழாயில் ரத்தம் வந்துவிட்டது. ஒரே குத்து.

முதலில் மஞ்சள் மூடி, அப்புறம் ஊதா, கடைசியில் சாம்பல். வரிசை மாறக்கூடாது. ஊதாக் குழாயில் இருக்கிற மருந்து கொஞ்சம் மஞ்சளில் கலந்தாலும், பொட்டாசியம் ஏறிவிட்டது, கால்சியம் இறங்கிவிட்டது என்று ரிப்போர்ட் கூசாமல் பொய் சொல்லும்.

"இது என்னடீ தனியா ஒரு சாம்பல்?"

"சர்க்கரைக்கு, அத்தை. உடம்பை விட்டு வந்தப்புறமும் ரத்த அணு சர்க்கரையைத் தின்னுண்டே இருக்கும். அதை நிறுத்த இதுல மருந்து இருக்கு."

அத்தை பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "தின்னட்டுமே, பாவம். அதுங்களையும் ஏண்டீ பட்டினி போடறே?"